சூடேறினால் நழுவிய இரண்டாம் கியர்

மின்சார சைக்கிளுக்கு நானே ஒரு கியர் பெட்டி செய்தேன். மோட்டார் முன்னோக்கிச் சுழன்றால் முதல் கியர், பின்னோக்கிச் சுழன்றால் இரண்டாவது. மாற்றும் வேலை, ஒரு திசையில் தண்டைக் கவ்வி மறு திசையில் வெறுமனே சுழலும் இரண்டு ஒருவழி பேரிங்குகளுடையது. மேசையில் பெட்டி ஒழுங்காக ஓடியது. மேடேறினால் இரண்டாவது கியர் நழுவி மோட்டார் வெறுமனே கத்தியது. கன்ட்ரோலரை மாற்றினேன், கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் விட்டேன். பலனில்லை.

பெட்டி ஆறியதும் கோளாறு மறைந்ததுதான் துப்பு. இவ்வகை பேரிங்கின் மெல்லிய வெளிக்கூட்டை வட்டமாகப் பிடித்திருப்பது அது உட்காரும் துளைதான். பெட்டியோ அலுமினியம், சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். துளை தளர்ந்தால் பேரிங்குக்குள் இருக்கும் உருளைகள் தண்டைக் கவ்வாது. தடித்த எஃகு வளையம் கடைந்து, திருகுகளால் பெட்டியோடு பிணைத்து, அதற்குள் பேரிங்கை அழுத்தினேன். இப்போது கை சுடும் சூட்டிலும் கவ்வுகிறது. அப்பாடா!

சைக்கிளைப் பின்னுக்குத் தள்ள மட்டும் முடியாது. இரண்டு பேரிங்குகளும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.