பழைய அமெரிக்கப் பண்டிகை விருந்துப் படங்களைப் படிப்பது எப்படி

1940-களிலிருந்து 1960-களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வீடுகளில் எடுக்கப்பட்ட பண்டிகை விருந்துப் படங்களை முதலில் பார்க்கும்போது, எல்லாமே ஒரே வீட்டில் எடுத்தவை போலத் தோன்றும். வெள்ளை விரிப்பு விரித்த நீண்ட மேசை, நடுவில் முழுதாகச் சுட்ட வான்கோழி, டை கட்டிய ஆண்கள், முத்துமாலை அணிந்த பெண்கள், வெளிச்சத்தில் கண்கூசும் குழந்தைகள் என்று ஒன்றையொன்று ஒத்த படங்கள், பெயரும் தேதியும் இன்றிப் பழம்பொருள் சந்தைகளில் பெட்டி பெட்டியாக விற்கப்படுகின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முகங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் பின்பற்றும் முறை இதற்கு நேர்மாறானது: முதலில் காகிதத்தையும், அடுத்து ஒளியையும், அதன்பின் மேசையையும் பார்த்துவிட்டு முகங்களுக்குக் கடைசியாக வாருங்கள்.

படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஓரத்தையும் பார்ப்பதே முதல் வேலை. 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பிலிம் கழுவும் நிலையங்கள் பல, பிரின்ட்டின் வெள்ளை ஓரத்தில் மாதத்தையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் அச்சிட்டன. அது பிலிம் கழுவப்பட்ட மாதமே தவிர, படம் எடுத்த மாதமன்று. ஒரு சுருளை முடிக்க அரையாண்டு எடுத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்பதால், ஓரத்தில் ஜூலை 1961 என்று இருக்கும் படத்திலுள்ள கிறிஸ்துமஸ் மரம் 1960 டிசம்பரில் வைத்த மரமாகவே பெரும்பாலும் இருக்கும். 1942-இல் அறிமுகமான கோடாகலர் என்ற வண்ண பிலிமின் பிரின்ட்டுகளில், எந்த வாரத்தில் அச்சிடப்பட்டது என்பதையே கோடாக் நிறுவனம் பின்பக்கத்தில் குறித்திருப்பதும் உண்டு. சதுர வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1963-இல் வந்த இன்ஸ்டமாட்டிக் கேமரா சதுரப் படம் தந்தது போலவே 1949-இல் வந்த பிரௌனி ஹாக்ஐ கேமராவும் தந்தது. புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஸ்லைடு கிடைத்தால் அதன் அட்டைச் சட்டத்தைப் பாருங்கள். 1954-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டுக்கு முன்பு அமெரிக்காவில் கோடாக்ரோம் என்ற ஸ்லைடு பிலிமின் விலையிலேயே கழுவும் கட்டணமும் சேர்ந்திருந்தது, அதனால் கோடாக்கே அதைக் கழுவித் தந்தது. ஆகவே வேறு நிலையத்தின் பெயர் அச்சிட்ட சட்டத்தில் கோடாக்ரோம் இருந்தால் அதை அந்த ஆண்டுக்குப் பின் வைத்துப் பார்க்கலாம். எடுத்த சற்று நேரத்திலேயே படத்தைக் கையில் தரும், போலராய்டு நிறுவனத்தின் முதல் உடனடிக் கேமரா பாஸ்டன் நகரக் கடையொன்றில் விற்பனைக்கு வந்தது 1948 நவம்பர் 26 அன்று, அதாவது அவ்வாண்டின் நன்றி நவிலல் நாளுக்கு (Thanksgiving, நவம்பரில் அமெரிக்கர்கள் வான்கோழி விருந்துடன் கொண்டாடும் நாள்) மறுநாள். ஆகவே போலராய்டு படம் எதுவும் அதற்கு முந்தைய விருந்தாக இருக்காது.

அடுத்தது ஒளி. இந்தப் படங்களைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை என்பது என் கருத்து. வீட்டுக்குள், இரவில், சாதாரணக் கேமராவில் படம் எடுக்க வேண்டுமானால் பிளாஷ் பல்பு வேண்டும். ஒவ்வொரு பல்பும் ஒரே ஒரு முறைதான் எரியும், எரிந்ததும் கைசுடச் சுட அதைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததைப் பொருத்த வேண்டும். நான்கு பல்புகளைக் கொண்ட பிளாஷ் கியூப் 1965-இல்தான் வந்தது. ஒரு விருந்துக்கு ஓரிரண்டு படங்களுக்கு மேல் எடுக்காத நிலையில், அந்த ஒரு படத்தை எப்போது எடுப்பது என்று வீட்டார் யோசித்துத்தான் எடுத்தார்கள். வான்கோழி மேசைக்கு வந்து, கத்தி இன்னும் படாமல், தட்டுகள் காலியாக இருக்கும் அந்தச் சில நொடிகளே ஆயிரக்கணக்கான படங்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். சுவரில் விழும் அழுத்தமான நிழல், பின்னால் உள்ள சன்னல் கண்ணாடியில் தெறிக்கும் வெண்புள்ளி, மேசையின் மறுகோடியில் இருளில் பாதி மறைந்த உறவினர் ஆகியவை அந்தப் பல்பின் தடயங்கள். இவற்றில் எதுவும் இல்லாமல் அறை முழுவதும் சீராக ஒளிர்ந்து, ஒருவரும் கேமராவைப் பார்க்காமல், உணவு மட்டும் பளபளத்தால், உங்கள் கையில் இருப்பது விளம்பரப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் வரைந்து 1943 மார்ச் 6 தேதியிட்ட இதழொன்றில் வெளியான புகழ்பெற்ற வான்கோழி விருந்து ஓவியத்தின் சாயலில் பிற்கால விளம்பரங்கள் பல அமைந்தன. வீட்டுப் படத்தில் எப்போதும் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

மேசைக்கு வரும்போது ஒரு விதியை மட்டும் கைவிடாதீர்கள்: படத்தில் உள்ள மிகப் புதிய பொருள்தான் காலத்தைச் சொல்லும். பண்டிகைக்கென்று மட்டும் அலமாரியிலிருந்து எடுக்கப்படும் பீங்கான் தட்டுகளும் வெள்ளிக் கரண்டிகளும் பாட்டியின் திருமணச் சீராக இருக்கக்கூடும் என்பதால், அவை படத்தின் வயதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. சமையலறையிலிருந்து அவசரமாக வந்த பாத்திரங்களே உதவும். வெவ்வேறு நிறங்களில் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பைரெக்ஸ் கண்ணாடிக் கிண்ணங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே வீடுகளுக்குள் வந்தன. 1936-இல் வெளிவந்த ஃபியஸ்டா என்ற வண்ணப் பீங்கான் தட்டுகளின் சிவப்பு நிறப் பூச்சில் யுரேனியம் கலந்திருந்ததால் அந்நிறம் 1943-இல் நிறுத்தப்பட்டு 1959-இல் மீண்டும் வந்தது.

உணவையும் இவ்வாறே பாருங்கள். தகர டப்பாவிலிருந்து சரித்து வைத்த கிரான்பெர்ரி (புளிப்பான சிறு சிவப்புப் பழம்) ஜெல்லி, டப்பாவின் வளையத் தடங்கள் அப்படியே தெரிய, உருளையாகத் தட்டில் நிற்கும். பச்சை பீன்ஸுடன் காளான் சூப்பைக் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவிச் சுட்ட கேசரோல் தெரிந்தால் ஆண்டு பெரும்பாலும் 1955 அல்லது அதற்குப் பிந்தியது. அந்தச் செய்முறை கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரெய்லி தலைமையில் அவ்வாண்டு உருவாக்கப்பட்டது. போர்க்காலப் படமொன்றில் பெரிய வான்கோழியைக் கண்டு தேதியைச் சந்தேகிக்க வேண்டாம், ஏனெனில் ரேஷன் முறையில் சர்க்கரை, காப்பி, வெண்ணெய், ஆட்டு மாட்டிறைச்சி ஆகியவை அடங்கினவே தவிர, கோழியினம் அடங்கவில்லை. எந்தப் பண்டிகை என்பதில் குழப்பம் வந்தால் பூசணி நிரப்பிச் சுட்ட ‘பை’ (pie) பலகாரத்தையும் சோளக்கதிர் அலங்காரத்தையும் நவம்பருக்கும், ஊசியிலைக் கிளைகளையும் சிவப்பு மெழுகுவத்திகளையும் டிசம்பருக்கும், அன்னாசி வட்டங்கள் பதித்த பன்றித்தொடைக் கறியுடன் லில்லிப் பூக்களும் இருந்தால் ஈஸ்டருக்கும் ஒதுக்கலாம்.

அறையில் தேட வேண்டியவை அதிகமில்லை. தொலைக்காட்சிப் பெட்டி 1950-இல் பத்தில் ஒரு வீட்டில்கூட இல்லை, 1960-இல் பத்தில் ஏறத்தாழ ஒன்பது வீடுகளில் இருந்தது. விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் நகரில் உருவான அலுமினியக் கிறிஸ்துமஸ் மரங்கள் 1959-இலிருந்து பரவின. உலோகக் கிளைகளில் மின்விளக்குச் சரம் சுற்றினால் மின்சாரம் பாயும் என்பதால், அருகில் சுழலும் வண்ணத் தட்டுடன் ஒரு விளக்கைத் தரையில் வைத்தார்கள். மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளுக்கு உலோக மூடிக்குப் பதிலாகக் காகித மூடி இருந்தால், அவை போர்க்காலத்தில் செய்யப்பட்டவை.

இப்போது மனிதர்கள். இருக்கைகளை எண்ணி, அவற்றோடு தட்டுகளையும் எண்ணுங்கள். ஒரு தட்டுக்கு ஆள் இல்லையென்றால் அவர்தான் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். சமைத்தவரைத் தேடுங்கள். ஏப்ரனைக் கழற்ற நேரமில்லாமல் மேசையின் ஓரத்தில் பாதி எழுந்த நிலையில் இருப்பவர் பெரும்பாலும் அவரே. சில வசதியான வெள்ளையர் வீடுகளின் படங்களில் சமைத்த கறுப்பினப் பெண் கதவோரத்தில் நிற்பார், அவருக்கு மேசையில் தட்டு இருக்காது. இதைக் கண்டும் காணாததுபோல் படத்தின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. அரசுக்காகப் படம் எடுத்த ஜாக் டெலானோ 1940 நவம்பரில் கனெக்டிகட் மாநிலத்து லெட்யார்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் விருந்தைப் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள அந்தப் படங்களை வீட்டுப் படங்களோடு அருகருகே வைத்துப் பார்த்தால், வெளியாள் ஒருவரின் கண் எங்கே நிற்கிறது, வீட்டாரின் கண் எங்கே நிற்கிறது என்பது விளங்கும்.

கண்டறிந்ததைப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா காகிதத்தில் தடம் பதித்து முன்பக்கம் வரை புடைத்துவிடும். கோடாக்ரோம் ஸ்லைடை ஸ்கேன் செய்யும்போது அகச்சிவப்பு ஒளியால் தூசியை நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ஏனெனில் படத்தின் நுண்விவரங்களையே அது தூசி என்று கருதி அழித்துவிடக்கூடும். ஊகத்தையும் உறுதியையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். என்னிடம் உள்ள ஒரு பிரின்ட்டின் ஓரத்தில் பிப்ரவரி 1960 என்று இருக்கிறது. மேசையில் வான்கோழியும் காகிதச் சோளக்கதிர்களும் இருக்கின்றன, மரம் இல்லை, கிரான்பெர்ரி இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்நிற ஆப்பிள் மசியல் போன்ற ஏதோ ஒன்று இருக்கிறது. 1959 நவம்பர் 9 அன்று, அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃப்ளெமிங் கிரான்பெர்ரியில் களைக்கொல்லி கலந்திருக்கலாம் என்று எச்சரித்ததும், பதினேழு நாள் கழித்து வந்த நன்றி நவிலல் நாளில் பல வீடுகள் அதைத் தவிர்த்ததும் பதிவில் உள்ள செய்திகள். ஆகவே அந்தப் படத்தின் பின்னால் நான் இரண்டு வரிகளை எழுதியிருக்கிறேன். முதல் வரி: “கழுவியது பிப்ரவரி 1960.” சற்று இடம் விட்டு, கேள்விக்குறியுடன் இரண்டாவது வரி: “நன்றி நவிலல் நாள், 26 நவம்பர் 1959?”