தொடர் கொலைப் படங்களை ஒப்பிடுவது எப்படி

‘எது அதிகம் பயமுறுத்தியது?’ என்று ஆரம்பித்தால் பேச்சு ரத்தத்தின் அளவோடு நின்றுவிடும். ஒப்பிடப்போகும் இரண்டு படங்களிலும் தலா ஒரு கொலைக்காட்சியை எடுத்து, கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) சிறுமியின் கொலையைக் காட்டுவதே இல்லை. உருண்டு வரும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன், அவ்வளவுதான். ‘ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்’ (1986) படத்திலோ ஒரு குடும்பத்தின் கொலையை, கொலைகாரர்கள் தாங்களே எடுத்த வீடியோவாக டிவியில் பார்க்கிறார்கள், நாமும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறோம். குமட்டுவது அதனால்தான்.

இரண்டையும் ஒரே இரவில் பார்க்க வேண்டாம், ‘ஹென்றி’யின் அதிர்ச்சி மற்றதை அமுக்கிவிடும். முதல் தடவை குறிப்பெடுக்காமல் முழுப்படம். அடுத்து அந்தக் காட்சியை மட்டும் ஒலியில்லாமல் ஒருமுறை, திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு ஒருமுறை. ‘எம்’மில் பார்வையற்ற பலூன்காரர் கொலைகாரனை விசிலை வைத்தே கண்டுகொள்வது எவ்வளவு கச்சிதம் என்பது அப்போது உறைக்கும்.

உண்மை வழக்கென்றால் ஆண்டையும் பாருங்கள். தென்கொரியாவின் உண்மைத் தொடர்கொலை வழக்கை வைத்து எடுத்த ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) வந்தபோது கொலையாளி யாரென்றே தெரியாது. அடையாளம் தெரிந்தது 2019இல்தான். கடைசியில் நாயகன் கேமராவை நேராகப் பார்ப்பது அந்தக் கொலையாளியைத் தேடித்தான்.