பழைய மரத்துல குச்சின் செய்யறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

குச்சின் சைனாவோட ஏழு தந்தி வாத்தியம், சுமார் நாலு அடி நீளம், வீணை மாதிரி மெட்டு கிடையாது, குசெங்னு அங்க இன்னொரு தந்தி வாத்தியம் இருக்கு, அது மாதிரி ஒவ்வொரு தந்திக்கும் கீழ நகர்த்துற குதிரையும் கிடையாது. இடிச்ச கோயில், பழைய வீடு, இங்கேர்ந்து வர்ற உத்தரத்துல இத செய்யறது அங்க ரொம்ப காலமா இருக்கற வழக்கம்.

நிறைய பேர் விழற முதல் குழி, பழசுன்னாலே நல்ல மரம்னு நம்புறது. சைனாவோட ஹான் அரச காலத்து அறிஞர் சாய் யோங் யாரோ அடுப்புல வச்ச பவுலோனியா கட்டைய உருவி எடுத்து குச்சின் செஞ்சார், வால் பக்கம் கருகினது அப்படியே இருந்ததால அதுக்கு எரிஞ்ச வால்னே பேருன்னு ஒரு கதை உண்டு. ஆனா அவர் எடுத்தது பழசுன்னு இல்ல, எரியும்போது வந்த சத்தத்த கேட்டு! அதனால தட்டி பாருங்க, மொத்துன்னு செத்த சத்தம் வந்தா எத்தன வருஷ மரமா இருந்தாலும் விட்டுடுங்க. சுவத்துக்குள்ள இருந்த நுனி உளுத்திருக்கும், உள்ள ஆணி இருக்கும், அதயும் பாத்துக்கணும்.

மேல் பலகைக்கு பவுலோனியா இல்லன்னா சீன ஃபிர், அடிப்பலகைக்கு அத விட கெட்டியான கட்டல்பா, இதுதான் வழக்கம். கெட்டி மரம் கிடைச்சிருச்சேன்னு அத மேல போட்டா சத்தம் வெளியவே வராது.

அறுத்த உடனே செதுக்க உக்காராதீங்க, எவ்ளோ காஞ்ச உத்தரமா இருந்தாலும் அறுத்ததும் உள்ள இருந்த இறுக்கம் விட்டு வளையும், சில மாசம் உங்க ரூம்லயே கிடக்கட்டும்.

பலகைய உள்பக்கமா குடையறதுதான் பெரிய வேலை, அதிகமா கெட்டுப் போறதும் இங்கதான். கொஞ்சம் எடுத்து தட்டி கேட்டு மறுபடி கொஞ்சம் எடுக்கணும், தடிமனா இருந்தா அப்புறமா கூட குறைச்சிக்கலாம், மெலிஞ்சி போச்சுன்னா திரும்ப வராது. அடிப்பலகைல ரெண்டு சத்தத் துளை இருக்கும்ல, அதுக்கு நேர் எதிர்ல மேல் பலகையோட உள்பக்கத்த கொஞ்சம் மேடா விடணும், சீனத்துல இதுக்கு 'நாயின்'னு பேரு, சத்தம் ஓட்டை வழியா நேரா ஓடிடாம உள்ள கொஞ்ச நேரம் தங்கறதுக்கு. வேகத்துல அதயும் சேத்து வழிச்சி எடுத்துடறவங்க நிறைய.

அப்புறம் லாக்கர். இது மரத்துப் பால், மான் கொம்புத் தூள் கலந்து பல கோட் பூசணும். வெயில்ல வச்சா காயும்னு நினைக்காதீங்க, இதுக்கு ஈரக்காத்து வேணும், 70-80 சதவீத ஈரப்பதத்துலதான் இறுகும். ஒரு கோட் இறுகறதுக்கு முன்னாடி அடுத்தது போடக்கூடாது, விரல் வழுக்கி ஓடறதே அந்தப் பரப்பு மேலதான், ஒரு சின்ன மேடு இருந்தாலும் தந்தி இரையும். கிளவுஸ் கட்டாயம் போடுங்க, சேராங்கொட்டை குடும்பத்து மரம் இது, பால் பட்டா தோல் அதே மாதிரி பொங்கிடும்.

தந்திய எங்க தொடணும்னு காட்டற 13 புள்ளிகள (ஹுய்னு பேரு) வாத்தியத்தோட நீளத்த வச்சி பிரிக்காதீங்க, தந்தி அதிர்ற நீளத்த அளக்கணும், ஏழாவது புள்ளி அதுக்கு சரிபாதில வரணும், தள்ளிப் போனா தந்திய லேசா தொட்டு எழுப்பற ஹார்மானிக்ஸ் சத்தம் புள்ளி காட்டற இடத்துல கிடைக்காது.

இன்னொன்னு, பழைய குச்சின்ல லாக்கர் வெடிச்சி அழகா கோடு விழுந்திருக்கும், அது பல காலம் ஆகி, வாசிச்சி வாசிச்சி தானா வர்றது. சூடாக்கி குளிர வச்சி அத வரவழைக்கப் பாக்கறாங்க, தயவுசெஞ்சி வேண்டாம், மாசக்கணக்குல பூசின லாக்கர் உரிஞ்சி வந்துடும்.