லேடெக்கில் நிரல் வரிகளுக்கு நம் இஷ்டப்படி நிறம்

லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் நிரல் வரிகளைக் காட்ட உதவும் லிஸ்டிங்ஸ் தொகுப்பை அப்படியே பயன்படுத்தினால் நிறமே வராது. கீவேர்டு (நிரல் மொழியின் சிறப்புச் சொல்) தடிமனாகவும் கமென்ட் (நிரலுக்குள் எழுதும் குறிப்பு) சாய்வாகவும் இருக்கும், அவ்வளவுதான். நிறம் வேண்டுமென்றால் எக்ஸ்கலர் தொகுப்பையும் முகப்பில் (ஆவணம் தொடங்குவதற்கு முன் வரும் பகுதியில்) சேர்த்து, டிஃபைன்கலர் கட்டளையில் நிறத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்.

இங்கேதான் நான் ஒரு மாலை முழுக்க முட்டி மோதினேன். அந்தக் கட்டளையில், சிவப்பு, பச்சை, நீல அளவுகளால் நிறத்தைச் சொல்லும் ஆர்ஜிபி என்பதைச் சின்ன எழுத்தில் எழுதினால் அளவு 0 முதல் 1 வரை, பெரிய எழுத்தில் எழுதினால் 0 முதல் 255 வரை. பெரிய எழுத்தில் எழுதிவிட்டு 0, 0.5, 0 என்று கொடுத்தேன், பச்சைக்குப் பதில் கறுப்புதான் வந்தது, பிழைச் செய்தியும் இல்லை!

அப்புறம் லிஸ்டிங்ஸின் அமைப்புகளை மாற்றும் எல்எஸ்டிசெட் கட்டளைக்குள் கீவேர்டுஸ்டைல், கமென்ட்ஸ்டைல், ஸ்ட்ரிங்ஸ்டைல் மூன்றுக்கும் அந்தப் பெயர்களைக் கொடுங்கள். கீவேர்டுக்கு நிறம் மட்டும் கொடுத்தால் பழைய தடிமன் போய்விடும், வேண்டுமென்றால் தடிமனாக்கும் பிஎஃப்சீரீஸ் கட்டளையையும் கூடவே எழுத வேண்டும். ஸ்ட்ரிங்கில், அதாவது மேற்கோளுக்குள், இடைவெளி இருக்கும் இடமெல்லாம் கிண்ணம் மாதிரி ஒரு குறி வரும், பார்க்கச் சகிக்காது. ஷோஸ்ட்ரிங்ஸ்பேசஸை ஃபால்ஸ் ஆக்கினால் தொலைந்துவிடும்.

உங்கள் சொந்த ஃபங்ஷன் பெயர்களுக்குத் தனி நிறம் வேண்டுமா? எம்ஃப் பட்டியலில் பெயர்களைப் போட்டு, எம்ஃப்ஸ்டைலில் நிறம் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுப்பவர்களுக்காக, வெளிர் மஞ்சளை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.