ஓரத்தில் நிற்பவளை நாயகியாக்குவது எப்படி: மேரி பென்னட்டை வைத்து ஒரு பயிற்சி

பழைய நாவலில் யாரும் கண்டுகொள்ளாத பாத்திரத்தை நாயகியாக்கி, அந்தக் காலத்துப் பின்னணியிலேயே ஒரு தொடர் எழுத ஆசையா? பயிற்சிக்கு மேரி பென்னட் தோதான ஆள். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் பென்னட் வீட்டு ஐந்து பெண்களில் இவள் நடுப்பெண். ஜேனுக்கு அழகு, எலிசபெத்துக்குப் பேச்சு, கிட்டிக்கும் லிடியாவுக்கும் ஆட்டம் பாட்டம். மேரிக்குப் புத்தகமும் பியானோவும். ஆஸ்டின் 1817இலேயே இறந்துவிட்டதால் காப்புரிமைத் தொல்லையும் கிடையாது.

படி 1: கோடு போடுங்கள்

பென்சிலோடு உட்கார்ந்து, மேரி வரும் வரிகளை மட்டும் குறியுங்கள். அதிக நேரம் ஆகாது, கொஞ்சம்தான் வருகிறாள். நோட்டில் ஒரு பக்கம் அவள் செய்தது, இன்னொரு பக்கம் அவளைப் பற்றிச் சொல்லப்பட்டது. இரண்டாவதை அப்படியே நம்ப வேண்டாம். கதை பெரும்பாலும் எலிசபெத்தின் கண் வழியாகத்தான் போகிறது.

படி 2: ஒரே ஒரு காட்சியைத் திருப்பிப் பாருங்கள்

மற்ற படிகளை அவசரமாகச் செய்தாலும் இதில் நிதானம் வேண்டும். பக்கத்து மாளிகையான நெதர்ஃபீல்டில் நடக்கும் நடன விருந்தில் மேரி பாடுகிறாள். குரல் சுமார்தான். எலிசபெத்துக்கு மானம் போகிறது; அப்பாவைப் பார்க்கிறாள். குறிப்பறிந்த அப்பா, இரண்டாவது பாட்டு முடிந்ததும் சபையறிய, எங்களை மகிழ்வித்தது போதும், மற்றப் பெண்களுக்கும் வாய்ப்பு கொடு என்கிறார். மேரி காதில் விழாததுபோல் பாவனை செய்கிறாள், ஆனாலும் முகம் மாறுகிறது. எலிசபெத் வருந்துகிறாள், கதை நகர்ந்துவிடுகிறது.

நீங்கள் நகராதீர்கள். கேமராவை பியானோ பக்கம் வையுங்கள். முதல் பாட்டுக்கு மரியாதைக்காகச் சொன்ன நன்றியை, இன்னொன்று பாடச் சொல்வதாக அவள் எடுத்துக்கொண்ட கணம் எது? அக்காவின் பார்வையை அவள் கவனித்தாளா? கவனித்தாள் என்று எழுதினால் ஒரு தொடர், இல்லை என்றால் வேறு தொடர். ஒன்றைத் தேர்ந்தெடுத்து வசனமே இல்லாமல் இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள்.

படி 3: பணக் கணக்கு

அப்பா காலத்துக்குப் பிறகு லாங்போர்ன் வீடும் நிலமும் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். அம்மாவுக்குப் பின் ஆளுக்கு ஆயிரம் பவுண்ட், வட்டி நான்கு சதவீதம்; அதாவது வருடத்துக்கு 40 பவுண்ட். இதை எலிசபெத்திடம் சொல்லிக்காட்டுவதே காலின்ஸ்தான், அதுவும் பெண் கேட்கும்போது! அவரை மேரி ஏற்றிருக்கக்கூடும் என்று நாவலே சொல்கிறது. கேட்கத்தான் ஆளில்லை, அவர் எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூக்கஸிடம் போய்விட்டார். ஒரு முழு எபிசோடுக்கு இது போதும்.

படி 4: மூலத்தை மாற்றாமல் இடைவெளி தேடுங்கள்

எலிசபெத் கென்ட்டுக்கும் டெர்பிஷயருக்கும் போகும்போது நீங்கள் வீட்டிலேயே இருங்கள். அந்த நாட்கள் எல்லாம் உங்களுடையவை. காலத்துக்கேற்ற சின்ன விவரங்கள் கதையையும் தரும்: அப்போது தபால் கட்டணத்தைக் கடிதம் பெறுபவர்தான் கொடுக்க வேண்டும். மேரி பேருக்கு ஒரு கடிதம் வந்தால், அதற்குக் காசு யார் கொடுப்பது? அப்பாவிடம் கேட்டால் யார் எழுதியது என்று சொல்லியாக வேண்டுமே.

படி 5: அவளைத் திருத்தாதீர்கள்

புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். கண்ணாடியைக் கழற்றியதும் அழகியாகிவிடும் மேரி வேண்டாம். (அந்தக் கண்ணாடியே திரைக்காரர்கள் மாட்டிவிட்டது, நாவலில் இல்லை.) லிடியா ஓடிப்போய் வீடே கலங்கி நிற்கும்போது, பெண்ணின் கற்பு பற்றி எலிசபெத்திடம் பிரசங்கம் செய்பவள் இவள். அதை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். எரிச்சல் வரட்டும், ஆனால் துக்கம் வந்தால் புத்தகத்தில் படித்த வாக்கியம்தான் வாயில் வரும் ஒருத்தி என்பதும் தெரியட்டும்.

படி 6: முடிவு

நாவலின் கடைசியில் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் மிஞ்சுபவள் மேரிதான். அக்காக்களோடு ஒப்பிட யாரும் இல்லாததால் அவளுக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை போலிருக்கிறது. சித்தப்பா முறையான வக்கீல் பிலிப்ஸிடம் வேலை பார்த்த குமாஸ்தா ஒருவரை அவள் மணந்ததாக ஆஸ்டின் தன் வீட்டாரிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்டினின் அண்ணன் மகன் பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இது இருக்கிறது. குமாஸ்தாவின் பெயர் அதில் இல்லை. பெயர் வைப்பது உங்கள் வேலை. அந்தக் குமாஸ்தா பிலிப்ஸ் வீட்டுக்குள் நுழையும் காட்சியை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போனால் எபிசோடுகளைப் பிரிப்பது சுலபம்.