மீன் குஞ்சின் பார்வையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடு போட்ட டிரம்மைச் சுற்றவிட்டு, நடுவில் இருக்கும் ஜீப்ரா மீன் குஞ்சின் கண் அசையவில்லை என்றதும் 'பார்வை இல்லை' என்று நோட்டில் எழுதிவிடுவதுதான் இந்தச் சோதனையில் நடக்கிற மிகப் பெரிய தவறு. பார்வை உள்ள குஞ்சின் கண் நகரும் கோட்டைப் பின்தொடரும், நாம் அளப்பது அந்தக் கண்ணின் அசைவைத்தான். கோடு நன்றாகத் தெரிந்தும் கண்ணைத் திருப்ப முடியாமல் போகலாம். கண் தசையில் கோளாறு இருக்கலாம், மயக்க மருந்து முழுசாகத் தெளியாமல் இருக்கலாம். அதனால் முதலில் டிரம்மை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். கண் தானாகவே அவ்வப்போது வெட்டி அசைகிறதா? அப்படி அசைகிற கண், கோடு நகரும்போது மட்டும் பேசாமல் இருந்தால்தான் பார்வைமேல் சந்தேகப்பட வேண்டும். கோட்டுக்கு எதிர்த் திசையில் நகர்கிற கண்ணையும் தள்ளிவிடாதீர்கள். பெல்லடோனா என்ற மரபணுப் பிறழ்வு உள்ள குஞ்சுகள் சிலவற்றில் பார்வை நரம்புகள் குறுக்கே கடக்காமல் போவதால் கண் அப்படித் தலைகீழாக நகரும், ஆனால் அவற்றுக்குக் கண் தெரியும்!

அடுத்தது, வெடுக்கென்று திரும்பும் அசைவுகளை மட்டும் எண்ணுவது. கண் கோட்டோடு மெதுவாகப் போய், ஒரு கட்டத்தில் சட்டென்று பின்னால் வந்து, மறுபடி தொடரும். அந்த மெதுவான நகர்வின் வேகம் கோட்டின் வேகத்தில் எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

அப்புறம், கோட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் மட்டும் குறித்து வைத்தால் பயனில்லை, மீனுக்கு அது எத்தனை டிகிரி என்பதுதான் கணக்கு. 5 செ.மீ. ஆரமுள்ள டிரம்மில் 1 டிகிரி என்பது சுமார் 0.87 மி.மீ., ஆரம் இரட்டிப்பானால் அதே கோடு மீனுக்குப் பாதியாகத் தெரியும். குஞ்சு வட்டத் தட்டின் சரியான நடுவில் இருக்க வேண்டும், விலகிவிட்டால் தட்டின் சுவரில் ஒளி சாய்வாக விழுந்து வளைந்து கோணமே மாறிவிடும். மெத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டியான கரைசலில் நிறுத்திய குஞ்சு மெல்ல நகர்ந்திருக்கலாம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். இரவில் இந்தக் குஞ்சுகளின் பார்வைத் திறன் வெகுவாகக் குறையும், ஆகவே ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றை இரவிலும் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் மரபணுவால் வந்ததா கடிகாரத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. வயதும் அப்படித்தான்: 5 நாள் குஞ்சில் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்கள்தான் வேலை செய்கின்றன, மங்கலான ஒளிக்கான குச்சி செல்கள் பிறகுதான் முதிரும். அதை வைத்து மங்கலான ஒளியில் பார்வை எப்படி என்று முடிவு கட்டக் கூடாது. சாதாரண மானிட்டரில் நிறத்தைச் சோதிப்பவர்களுக்கு இன்னொன்று: இந்த மீனுக்குப் புற ஊதா ஒளியை உணரும் கூம்பு செல்களும் உண்டு, மானிட்டர் அவற்றைச் சரியாகத் தொடுவதே இல்லை.