கிறிஸ்தவ எழுத்தில் கால் வைப்பவர்கள் இடறும் இடங்கள்

சபை மலருக்கு வரும் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை பல வருடங்களாக என் தலையில் இருக்கிறது. புதிதாக எழுத வருகிறவர்களைப் பார்க்கும்போது, பழைய படத்தையே திரும்பப் போட்டுக் காட்டுவது போல இருக்கும். அப்போது அந்தப் படத்தில் நடித்தது நான்.

ஒற்றுப் பிழை, வசன எண்ணைத் தப்பாகப் போடுவது, கடைசி நாள் ராத்திரி அனுப்புவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஆண்டவர் கொடுத்தது, அதனால் தொட மாட்டேன்"

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

இங்கே சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி, உபவாச ஜெபம் முடிந்த இரவில் ஒரே மூச்சில் எழுதிய தியானத்தைக் கொண்டுவந்தார். நடுவில் இரண்டு பத்தி அருமை. ஊரில் அப்பா இறந்த செய்தி வந்தபோது, தங்கும் விடுதியின் மாடிப்படியில் உட்கார்ந்து, அழுகை வராமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்ததை எழுதியிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் எங்கேயோ கேட்ட பிரசங்கம், பக்கம் பக்கமாக. "தம்பி, இந்த இரண்டு பத்தியை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. "அக்கா, இது ஆவியானவர் கொடுத்தது. நான் எப்படி வெட்டுறது?"

இந்தப் பதிலுக்கு மேல் பேச்சு ஓடாது. திருத்தச் சோம்பலாக இருக்கிறது என்றால் வாதாடலாம். நான் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது என்றாலும் வாதாடலாம். ஆண்டவர் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே நிற்கிறவர் அவிசுவாசி ஆகிவிடுகிறார். சபையில் அந்தப் பட்டத்தை யார் வாங்குவார்கள்? "நல்லா இருக்கு தம்பி, தேவனுக்கு மகிமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுதியவரோ அதையே உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகிறார்.

அதன் பிறகு என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என் முதல் தியான நூலைப் பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் அடித்து இந்தியாவுக்கு அனுப்பினேன். யுனிகோடுக்கு மாற்றியபோது கொம்பும் காலும் இடம் மாறிப் பல சொற்கள் சிதறிவிட்டன. மெய்ப்புப் பார்க்கிறீர்களா என்று அச்சகத்தில் கேட்டார்கள். கொடுக்கப்பட்டதை மறுபடி எதற்குத் தோண்ட வேண்டும், நேரே அடித்துவிடுங்கள் என்றேன். கப்பலில் வந்த பெட்டிகள் எங்கள் நான்கறை வீட்டின் பாம் ஷெல்டர் என்ற பதுங்கு அறையை நிரப்பின. அங்கிருந்த சைக்கிள், பழைய மின்விசிறி, கிறிஸ்துமஸ் மரம் எல்லாம் வரவேற்பறைக்குக் குடிவந்தன. கணவர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். வாங்கிய நல்லவர்களில் சிலர் பிழைகளைப் பேனாவால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். பணம் போனதுகூடப் பரவாயில்லை. முதல் புத்தகத்தில் ஏமாந்தவர் இரண்டாவதைக் கையில் எடுக்க மாட்டார்.

சரி, வேதம் என்ன சொல்கிறது? லூக்கா தன் சுவிசேஷத்தைத் தொடங்கும்போது சொப்பனம் கண்டேன் என்று சொல்லவில்லை. "ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்த" பிறகு ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து, வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்.

எரேமியா 36-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக் எழுதிய சுருளை, யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டுவிடுகிறான். உலகத்தில் ஏதாவது ஒரு பிரதியைத் தொடக்கூடாது என்றால், அது அந்தச் சுருளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் இன்னொரு சுருளை எடுத்து மறுபடி எழுது என்றுதான் கட்டளை வருகிறது. பாருக் உட்கார்ந்து எழுதுகிறான். முதல் சுருளில் இருந்த வார்த்தைகளோடு, அவற்றைப் போன்ற வேறு பல வார்த்தைகளும் சேர்ந்தன என்று கடைசி வசனம் சொல்கிறது. தீர்க்கதரிசியின் சுருளே இரண்டாம் பிரதியில் வளர்ந்திருக்கிறது. நம்முடைய உபவாச இரவுப் பிரதி எம்மாத்திரம்?

நம் தமிழிலும் ஆள் இருக்கிறார். ஆங்கிலேயர் ஜான் பன்யனின் 'மோட்சப் பிரயாணம்' கதையைத் தழுவி ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகம், இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வந்து 1894-ல் நூலாயிற்று. அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். அத்தனை வருடம் ஒரே காப்பியத்தோடு குடியிருந்தவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் ஒரே நாளில் கொட்டவில்லை. "ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். அப்புறம் சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள். சபைக்கு வெளியே உள்ள ஒருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். நூலகங்களில் கூடும் தமிழ் வாசகர் வட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் கிடைப்பார்கள். உங்கள் மனம் நோகக்கூடாதே என்று அங்கே யாரும் அல்லேலூயா சொல்ல மாட்டார்கள்.

தம்பி இன்னும் ஒரு வரிகூட வெட்டவில்லை.

மனம் வரும்போது எழுதலாம் என்பது

எழுப்புதல் கூட்டம் நடந்த வாரம் எல்லோருக்கும் எழுத வரும். அடுத்த மாதம் பிள்ளைக்குத் தேர்வு, உங்களுக்கு இரவு வேலை, மாமியாருக்குப் பாலிகிளினிக் போக வேண்டும். அப்போது உற்சாகத்தைத் தேடினால் கிடைக்காது. ஜெபத்துக்கு ஒரு நேரம் குறித்து வைத்திருக்கிறோம், மனம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா முழங்காற்படியிடுகிறோம்? எழுத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

எனக்குத் தெரிந்த ஒரு தாதி, இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் ரயிலில், பாசிர் ரிஸ் வரும்வரை கைப்பேசியில் தட்டிக்கொண்டே வருவார். சில நாள் பத்து வரி தேறும். மறுநாள் வாசித்து அதில் பாதிக்கு மேல் அழித்துவிடுவார். சில நாள் இரண்டு வரி எழுதுவதற்குள் தூங்கிப்போய், எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். அந்த மிச்ச வரிகளிலிருந்து எங்கள் மலருக்கு ஒரு வருடம் தொடர் எழுதினார். அழைப்பு, தரிசனம் என்றெல்லாம் அவர் பேசிக் கேட்டதே இல்லை.

பிரதி எடுத்து வைக்காதது

1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீப்பிடித்து, வேதத்தை இந்திய மொழிகளில் மொழிபெயர்த்த மிஷனரி வில்லியம் கேரியின் கையெழுத்துப் பிரதிகள் எரிந்துபோயின, அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். உங்களுக்கு கூகல் டிரைவ் இருக்கிறது.

பிரசங்கத்தையே கட்டுரை என்று அனுப்புவது

பிரசங்கம் முடியும் நேரத்தில் பின்னால் யாராவது மெதுவாக கீபோர்டு வாசிப்பார்கள். போதகரின் குரல் தழுதழுக்கும். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னாலும் மூன்றாவது தடவைதான் மனதில் இறங்கும். காகிதத்துக்குக் கீபோர்டு கிடையாது. அங்கே இரண்டாவது தடவையே சலிப்பு தட்டிவிடும்.

இங்கே பள்ளியில் தாய்மொழிப் பாடமாகத் தமிழ் படித்து வளர்ந்த பிள்ளை, நாம் மேடைத் தமிழில் எழுதினால் முதல் பத்தியிலேயே கைப்பேசியை வைத்துவிடும். எழுத்து ஊழியம் என்றதும் எல்லோரும் ஆபகூக் 2:2-ஐச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஓடுகிறவனும் வாசிக்கும்படி எழுதச் சொல்கிறது அந்த வசனம். நாமோ உட்கார்ந்திருப்பவனுக்கே புரியாமல் எழுதுகிறோம்.

வசனங்களை அடுக்குவது

ஒரு பக்கத்தில் பத்து வசனம் இருந்தால் பத்தையும் தாண்டிப் போவார்கள். ஒன்று போதும்.

சாட்சியில் அடுத்த வீட்டை இழுப்பது

மனந்திரும்பிய கதையை எழுதும்போது, விட்டு வந்ததை இழிவாகப் பேசினால்தான் வந்து சேர்ந்ததற்கு மகிமை என்று சிலர் நினைக்கிறார்கள். உங்கள் அம்மா இன்றைக்கும் விளக்கேற்றிக் கும்பிடுகிறார். மாமா வருடா வருடம் தைப்பூசத்துக்கு விரதம் இருந்து காவடி எடுக்கிறார். புத்தகம் வந்தால் முதலில் பெருமையோடு வாங்கப்போவது அவர்கள்தான்.

சிங்கப்பூரில் 1990-ல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. சமயங்களுக்கு இடையே பகையை மூட்டும் எழுத்தை இங்கே லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பக்கம் எழுத்தாகவும் மட்டம். தனக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வராதபோதுதான் அடுத்தவர் குறை சுலபமாகக் கைக்கு வருகிறது. அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் உண்மையிலேயே உங்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுதிப் பாருங்கள். கஷ்டமாக இருக்கும். நான் அனுப்பும் திருத்தங்களில் அதிகமாகத் திரும்பி வராதவை இவைதான்.

எல்லாக் கதையும் சுகமாகியே முடிவது

எந்த நோயில் ஆரம்பித்தாலும் கடைசிப் பத்தியில் டாக்டர் ஆச்சரியப்பட்டே ஆக வேண்டும் என்று யார் விதித்தது? 88-ம் சங்கீதம் புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட ஒட்டவில்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். படுத்த படுக்கையான மனைவியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் உங்கள் சபையிலேயே இருப்பார். இப்படிப்பட்ட கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்தால், தன் விசுவாசத்தில்தான் ஏதோ ஓட்டை என்று அவர் முடிவு கட்டிவிடுவார்.

பெரிய காரியங்களைத் தேடுவது

தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டிக்கு அனுப்புங்கள், தப்பே இல்லை. தமிழ் மொழி விழா மாதத்தில் வெளியீடு வையுங்கள், பொன்னாடை போர்த்திக்கொள்ளுங்கள். பரிசு வரவில்லை என்றதும் "இது என் அழைப்பு இல்லையோ, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

சுருள் எழுதிய பாருக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய்ப் புலம்பியிருக்கிறான். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில் (எரேமியா 45:5). போகிற இடமெல்லாம் உயிர் தப்பும் என்று ஒரே ஒரு வாக்குறுதி. சுருள் எத்தனை பேரைப் போய்ச் சேரும் என்று பேச்சே இல்லை.

நூலக வாரியத்தை மறப்பது

சிங்கப்பூரில் நூல் வெளியிட்டால் நான்கு வாரத்துக்குள் 2 பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். சொந்தச் செலவில் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.-ஐயும் அச்சுக்கு அனுப்பும் முன்பே அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்டரிடம் முதல் பிரதியைக் கொடுத்துப் படம் எடுத்த கையோடு அந்த இரண்டு பிரதிகளையும் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மறந்துபோகும்.